கெமிஸ்ட்ரிக்குப் போன பெண்

பாடாங் மேஹாவைத் தாண்டி உள்ளே போனால் தார்ச் சடக்கு முடிந்து செம்மண் சடக்கு தொடங்கும். இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். விடியற்காலையில் பனி இறங்கிவிட்டால் மரங்களின் தலை தெரியாது, கால்கள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கும். அந்தச் சடக்கின் கடைசியில் இருந்த தோட்டத்தில் அந்தோணிதாஸ் ரப்பர் பால் சேரும் ஸ்டோரில் வேலை செய்தார். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. தொழிலாளர் லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் வேலி இல்லாத தோட்டம் ஒன்று இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்தோணிதாஸின் மகள் பிரிஜெட் பினாங்கில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தவள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மருத்துவத்திலும் கிடைத்தது, விஞ்ஞானத்திலும் கிடைத்தது. எதைப் படித்தாலும் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவேண்டும். அவ்வளவுதான்.

தோட்டத்தில் யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. அவள் குழாயடிக்குப் போனால் பெண்கள் விலகி, "டாக்டரம்மா மொதல்ல புடிக்கட்டும்" என்றார்கள். முதலில் கேலியாகச் சொன்னதுதான். சொல்லச் சொல்ல அது கேலியாக இல்லாமல் போய்விட்டது.

பிரிஜெட்டுக்கு வேறொன்று மனத்தில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவிடம் ஓடுவாள். வெட்டுக்காட்டிலிருந்து வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, நீளத் தொட்டிகளில் ஊற்றி வைத்திருப்பார்கள். அந்தோணிதாஸ் தண்ணீரில் கரைத்த திராவகத்தைச் சீராக ஊற்றிக் கலக்கி, நுரையை வழித்தெடுப்பார். பிறகு ஸ்டோர் அமைதியாகிவிடும். தகரக் கூரையில் மழை மட்டும் பேசும். பிரிஜெட் தொட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு விரலை வைத்துப் பார்ப்பாள். பாலாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைப்பாள். இன்னும் பால். வாசலில் ஒரு ஓணான் போகும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி விரலை வைத்தால், மெத்தென்று எதிர்க்கும். எந்த நொடியில் மாறியது என்பதை ஒருநாளும் அவளால் பிடிக்க முடிந்ததில்லை. அப்பாவிடம் கேட்டால், "நீ பாக்காதப்ப" என்பார்.

பினாங்கில் ஒருநாள், வகுப்பில், தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்த இரண்டு திரவங்களைச் சூடாக்கிக் கலந்தார்கள். குழாயைச் சாய்த்து வைத்து ஆறவிட்டார்கள். ஒன்றுமே இல்லாத அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து பொன் துகள்கள் தோன்றி, சுழன்று சுழன்று இறங்கத் தொடங்கின. மணி அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். பிரிஜெட் நின்றுகொண்டே இருந்தாள். குழாயின் அடியில் பொன் படிந்து முடிந்த பிறகுதான் தான் மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை இராச் சாப்பாட்டின்போது அவள் வாயைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பும் கங்கோங் கீரையும். அண்ணன் கென்னத் சுவரில் சாய்ந்து, காலை எடுத்த பிறகு எஞ்சிய தொடையின்மேல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, நான் கெமிஸ்ட்ரி எடுத்துப் படிக்கலாம்னு பாக்குறேன்."

லூர்து மேரி அகப்பையை நிறுத்தவில்லை. "டாக்டருக்கு அதுவும் படிக்கணுமா?"

"டாக்டருக்கு இல்லம்மா. அது தனிப் படிப்பு. ஒண்ணு இன்னொண்ணா எப்படி மாறுதுன்னு படிக்கிறது. இப்ப அப்பா திராவகம் ஊத்துறாரு, பால் கட்டுது. ஏன் கட்டுது?"

"பால் கட்டுறதுக்கு ஒரு படிப்பா? ஒங்கப்பா பள்ளிக்கூடமே போவாம இத்தன வருஷமா கட்டுறாரு."

அந்தோணிதாஸுக்குச் சிரிப்பு வந்து புரை ஏறியது. லூர்து மேரி அவர் தலையில் தட்டிவிட்டுச் சொன்னாள்: "சிரிங்க. ஒங்க பையனுக்கு கால் போனப்ப இங்க ஒரு டாக்டர் இருந்திருந்தா இப்ப எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்."

கென்னத் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவன். தோட்டத்து லாரியில் காவலுக்குப் போனபோது காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். லாரி திரும்பி வந்ததும், தோட்டத்து மருந்தறை டிரஸர் கட்டுப் போட்டதும், பாதையில் மரம் வெட்டிப் போட்டிருந்ததால் கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமானதும் அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வருடத்தில்தான் லூர்து மேரி முடிவு செய்தாள், இந்த வீட்டிலிருந்து ஒரு டாக்டர் வரவேண்டும் என்று.

புதன்கிழமை காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, யாரையும் கூப்பிடவில்லை. பட்டாளம் வந்திருந்தது. காட்டோரத்தில் தேடப்போகிறார்கள், நாள் முழுவதும் யாரும் வேலிக்கு வெளியே போகக் கூடாது, உள்ளேயும் கூட்டமாக நிற்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் சொல்லிக்கொண்டு போனார்கள். பாலுக்காக வெட்டப்படாத மரங்கள் மழையில் நின்றன. வேலை நாளில் ஆண்கள் வீட்டில் இருப்பது வினோதமாக இருந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் மட்டும் புகை எழுந்து, மழையைத் தாண்ட முடியாமல் கூரையிலேயே படுத்துக்கொண்டது.

பசியாறிய கொஞ்ச நேரத்தில் அடுத்த லயத்து அழகேசன் நனைந்துகொண்டு ஓடிவந்தான். பால்மரம் வெட்டுகிறவன், பெரிய ஆள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லூர்துக்கா, புஷ்பத்துக்கு வலி வந்திருச்சி. டிரஸர் நேத்தே டவுனுக்குப் போனாராம், உள்ள விடமாட்டேங்குறானுங்க. மருத்துவச்சி அடுத்த டிவிஷன்ல மாட்டிக்கிச்சி. கேட்டுல போயி கெஞ்சிப் பாத்துட்டேன். லாரி போவக் கூடாதுங்குறான்."

லூர்து மேரி கையைத் துடைத்தாள். அழகேசன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். "தங்கச்சியும் வரட்டுமே. படிச்ச புள்ள."

"அண்ணே, நான் இன்னும் ஒண்ணும் படிக்கல" என்றாள் பிரிஜெட்.

"பரவால்ல. நீ வந்து நில்லு, போதும்."

போனாள். அழகேசன் வீட்டின் உள்ளறையில் சன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. புஷ்பவள்ளி பாயில் கிடந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இது அவளுக்கு முதல் பிள்ளை. லூர்து மேரி அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டாள். பிரிஜெட் தண்ணீர் கொதிக்கவைத்தாள், கத்தரியைக் கொதிநீரில் போட்டாள், கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. தூரத்தில் எங்கேயோ இரண்டு முறை வெடிச்சத்தம் கேட்டது. பிரிஜெட்டுக்குத் தான் தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போலத் தோன்றியது. சத்தமெல்லாம் மேலே எங்கோ நடந்தது. விளக்கு வெளிச்சத்தில் புஷ்பவள்ளியின் வயிறு எழுந்து இறங்குவது மட்டுமே உலகமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தலை வெளியே வந்தது. வந்து நின்றுவிட்டது. குழந்தையின் முகம் நீலம் பாரித்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி.

"மாதாவே" என்றாள் லூர்து மேரி.

பிரிஜெட் குனிந்தாள். அவள் விரல் கொடிக்கு அடியில் போனது. வழுக்கியது, மறுபடி போனது. கொடி தளர்வாகத்தான் இருந்தது. அதை இழுத்து, தலைக்கு மேலாக, ஒரு சட்டையைக் கழற்றுவதைப் போலக் கழற்றிவிட்டாள். "இப்ப முக்கு அக்கா" என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. குழந்தை வழுக்கிக்கொண்டு அவள் கையில் விழுந்தது. பெண். துணியால் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது பூனைக்குட்டியைப் போல ஒரு சத்தம் கொடுத்தது, பிறகு முழுதாக அழுதது.

மறுநாள் பெரட்டில் இதே பேச்சு. ஊரடங்கு எடுத்தாயிற்று, மரம் வெட்டப் போனவர்கள் மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போனார்கள். புஷ்பவள்ளியைப் பார்க்கப் போன பிரிஜெட்டிடம் பெண்கள் தங்கள் கைவலியையும் பிள்ளைகளின் சிரங்கையும் காட்டினார்கள். புஷ்பவள்ளி சோர்ந்த முகத்தோடு சிரித்தாள்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டு வேற எதோ படிக்கப் போறேன்னு சொன்னியாமே. லூர்துக்கா சொல்லிச்சி."

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"அதெல்லாம் வேணாம்லா. அடுத்ததுக்கு நான் யார்கிட்ட போவேன்?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பிரிஜெட் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

அன்று சாயங்காலம் கென்னத் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை எடை போட்டுவிட்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தான். கட்டைக்கால் பக்கத்தில் கிடந்தது. பிரிஜெட் போய் அவன் அருகில் உட்கார்ந்தாள். மழை விட்டு, மரங்களின் இடையில் மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் தாமதமாகச் சொட்டியது.

"அண்ணே, நேத்து வரைக்கும் ஒண்ணு நெனச்சிருந்தேன். ரத்தத்த பாத்தா எனக்கு மயக்கம் வரும், என்னால முடியாதுன்னு அம்மாகிட்ட சொல்லிறலாம்னு. இப்ப அதுவும் போச்சி. கை நடுங்கவே இல்ல."

"அப்ப போ டாக்டருக்கு."

"முடியும்ணே. நல்லாவே முடியும்னு தெரிஞ்சிருச்சி. ஆனா கொழந்த அழுதப்ப எல்லாரும் அழுதாங்க. எனக்கு சந்தோஷமா இருந்திச்சி, வீட்டுக்குப் போலாம்னு இருந்திச்சி. அவ்ளோதான். அந்த மொகம் நீலத்துல இருந்து செவப்பா மாறிச்சி பாரு, அது எப்படி மாறிச்சின்னுதான் ராத்திரி பூரா யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளய நெனைக்கவே இல்ல. இது தப்பாண்ணே?"

கென்னத் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"எனக்குத் தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். ஆஸ்பத்திரியில அந்த வெள்ளைக்கார டாக்டர் எங்கிட்ட சொன்னான். எலும்பு தூளாப் போச்சி, குண்டு பட்ட நிமிஷமே கால் போயிருச்சி, யாரு இருந்தாலும் இதான்னு. நான் அம்மாகிட்ட சொல்லல. யாராச்சும் எதாச்சும் செஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு நெனச்சிக்கிட்டாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். அது ஒன் தலையில வந்து விடியும்னு நெனைக்கல."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் வெளிச்சம் போகும்வரை அப்படியே இருந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "என்னால முடியாதுன்னு சொல்ல மாட்டேன்மா. முடியும். ஆனா எனக்கு கெமிஸ்ட்ரிதான் வேணும்."

லூர்து மேரி அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தோணிதாஸ் லீவு போட்டுவிட்டு மகளோடு லாரியில் கூலிம் போனார். போஸ்டாபீசில் பதிலைப் போட்டுவிட்டு, முகம்மது ஹனீபாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ஹனீபா பழைய பழக்கம். ரொட்டியும் டால்ச்சாவும் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன தாஸண்ணே, டாக்டருக்கு எழுதிப் போட்டாச்சா?"

"கெமிஸ்ட்ரிக்கு, பாய்."

"அட, நல்லதுதானே. மருந்துக்கடை வைக்கலாம். இந்தச் சடக்குல ஒரு சீனன் கடைதான் இருக்கு. எதிர்ல எடம் காலியாத்தான் கெடக்கு, பேசவா?"

"இது மருந்துக்கடை கெமிஸ்ட் இல்ல மாமா" என்று பிரிஜெட் தொடங்கினாள். அந்தோணிதாஸ் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

"வேற படிப்பு பாய். எனக்கும் சரியா வெளங்கல. அதுக்கு வெளங்கியிருக்கு."

திரும்பும்போது லாரியின் பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். திராவகம் பட்டுப்பட்டுத் தோல் வெளிறி, ரேகைகள் அழிந்து போயிருந்தன. ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுத்தபோது அவருடைய கட்டைவிரல் சரியாகப் பதியவில்லை என்று போலீஸ்காரன் கோபித்துக்கொண்டது ஞாபகம் வந்து, அதை மகளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ அங்க கைய கவனமா வச்சிக்க" என்றார்.

நாட்கள் போயின. லூர்து மேரி மகளுக்குச் சோறு போட்டாள், பாவாடை தைத்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எல்லாம் பேசாமல் செய்தாள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் கென்னத்திடம் சொன்னாள்: "கம்பளி எடுத்து வச்சாச்சான்னு கேளு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிஜெட் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பலகைச் சுவருக்கு அப்பால் அடுப்படியில் அண்ணனின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எலும்பு தூளானதை. யார் இருந்திருந்தாலும் கால் போயிருக்கும் என்பதை. பிரிஜெட் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

மீன் செதில் உரசும் சத்தம் நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் லூர்து மேரி. "கட்டுப் பிரிச்சப்ப நான் பாக்கலியா? அந்தக் காலு இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏம்மா அவகிட்ட அப்படி?"

"அப்படிச் சொன்னாத்தான் நீங்க கேப்பீங்க." செதில் உரசும் சத்தம் இப்போது நின்றது. "மாசத்துக்கு ஒருக்கா டவுன்லேருந்து அந்தத் தமிழ் டாக்டர் வருவாரில்ல. மோட்டார் காடிய விட்டு எறங்குனா வெள்ளைக்காரத் தொர எந்திரிச்சி வாசலுக்கு வருவான். ஒருநா மழ. தொர அவன் கொடையில அவர அழைச்சிக்கிட்டுப் போனான். நான் அப்ப பங்களாவுல புல்லு புடுங்கிக்கிட்டு இருந்தேன். தொர நனைஞ்சிக்கிட்டுப் போறான், அவரு நனையாமப் போறாரு. அத பாத்தேன். நம்ம வீட்டுல ஒரு புள்ளைக்கு அது கெடைக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இந்தப் படிப்புக்கு தொர எந்திரிச்சி நிப்பானா?"

"தெரியலம்மா."

"தெரியாதுதான். யாருக்குத் தெரியும்."

பிரிஜெட் துணியைக் கொடியில் போட்டாள். முகத்தை ஈரத்தில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அம்மா அதைத் தன்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம்தான் சொன்னாள். அதனால் காற்றில் துணிகள் உப்பி எழுவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

அக்டோபரில் கிளம்பும் நாள் வந்தது. பிறை ஸ்டேஷனில் காலை ரயில் பிடிக்கவேண்டும். பனி இன்னும் விலகவில்லை. கென்னத் வீட்டு வாசலிலேயே கைகொடுத்து விடைகொடுத்தான். அந்தோணிதாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். லூர்து மேரி ஒரு சம்படத்தோடு பின்னால் வந்தாள்.

முள்வேலி கேட்டில் பெண்களைச் சோதிக்கும் பிரேமாவதி இருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள், பிரிஜெட்டின் பாவாடை மடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு சம்படத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"சோறா லூர்துக்கா?"

"புளிச்சோறு. ரயில்ல சாப்புட."

பிரேமாவதியின் முகம் சங்கடப்பட்டது. "விட முடியாதுக்கா. ஒரு பிடி சோறுகூட வெளிய போவக் கூடாதுன்னு உத்தரவு. காட்டுக்காரனுங்களுக்குப் போயிருமாம். மேல அவன் பாத்துக்கிட்டு இருக்கான்."

காவல் கூண்டில் துப்பாக்கியோடு ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். லாரியின் இஞ்சின் உறுமியது. லூர்து மேரி சம்படத்தைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள்.

"வேலிக்கு உள்ள சாப்புடலாமில்ல?"

"அதுக்கு என்னக்கா."

லூர்து மேரி அங்கேயே, செம்மண்ணில், மகளின் பெட்டியின்மேல் மகளை உட்காரவைத்தாள். சம்படத்தைத் திறந்தாள். ஆவி எழுந்து பனியோடு கலந்தது. ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். பிரிஜெட்டுக்கு அந்த நேரத்தில் பசி இல்லை. வாயைத் திறந்தாள். அடுத்த உருண்டை. அதற்கடுத்தது. ரயில் பயணம் முழுவதற்குமான சோறு. லாரி டிரைவர் ஹார்ன் அடிக்கக் கையைத் தூக்கினான். அந்தோணிதாஸ் அவனைப் பார்த்தார், அவன் கையை இறக்கிக்கொண்டான். பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போகிறவர்கள் வாளிகளோடு வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பிரேமாவதி சம்பிரதாயத்துக்குக் கேட்டாள். "டாக்டருக்குத்தானே போறா?"

பிரிஜெட் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாத முகம். பனியில் முடியெல்லாம் ஈரமாகி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"டாக்டருக்கு இல்ல" என்றாள் லூர்து மேரி. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "வேற படிப்பு. பேரு எனக்கு வாயில வராது." பிறகு மகளின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு."

"கெமிஸ்ட்ரி" என்றாள் பிரிஜெட். வாய் நிறையச் சோறு இருந்ததால் அது யாருக்கும் விளங்கவில்லை.

"மென்னு முழுங்கிட்டுச் சொல்லு" என்றாள் அம்மா.

அவள் மென்றாள், விழுங்கினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, வரிசையைப் பார்த்து, இன்னொரு முறை தெளிவாகச் சொன்னாள்.